பிரிக்காத பொட்டியும் பிஞ்சுபோன கேசட்டும்

ஏங்கண்ணு மாப்பிள்ளை, கோயமுத்தூருல புது ஊடு கட்டிக் குடிபோன கையோட ஒரு ரூமுக்கு மட்டும் தனியா ஏசி மாட்டியிருக்கியாமா. ஒறம்பற சனம் வந்தா தங்கறதுக்காக்கும்னு நானும் சித்த நேரம் சந்தோசப்பட்டுப் போட்டேன். அப்புறம் உன்ற சம்சாரம் போன்ல சொல்லுச்சு, "அது மனுசருக்கு இல்லீங்க பெரியப்பா, வீடியோ கேமுக்கு"ன்னு. பாவம் அம்முணி, அழுவுதா சிரிக்குதான்னு தெரியாத ஒரு குரலு. அந்தக் குரலை உன்ற அத்தைகிட்ட நாப்பது வருசமாக் கேட்டுப் பழகினவன் நானு. அதனால உனக்கு நாலு வார்த்தை சொல்ல எனக்குத்தான் தகுதி இருக்குது.

மொதல்ல ஒண்ணு ஒத்துக்கறேன். போன நோம்பிக்கு வந்தப்ப அந்த ரூமைச் சுத்திக் காட்டினயே, நல்லாத்தான் வச்சிருக்கே. கண்ணாடி அலமாரி, உள்ளுக்குள்ள லைட்டு, ஈரம் புடிக்காம இருக்க சின்னச் சின்ன பொட்டலம். சாமி ரூம்புல அம்முணி வச்ச வெளக்குல திரி கருகிக் கெடந்துது. அதை நான் யாருகிட்டயும் சொல்லலை, இப்பத்தான் சொல்றேன்.

செவப்பும் வெள்ளையுமா ஒரு பொட்டி காட்டினே. ஜப்பான்காரன் 1983-ம் வருசம் ஜூலை மாசம் 14,800 யென்னுக்கு வித்த நிண்டெண்டோ ஃபேமிகாமுன்னே. பக்கத்துல சாம்பக் கலர்ல இன்னொண்ணு, அது அமெரிக்காவுக்குன்னு செஞ்சதுன்னே. உள்ளுக்குள்ள ரெண்டும் ஒண்ணுதாம் மாமா, சட்டைதான் வேறன்னும் நீயே சொன்னே. அப்புறம் எதுக்கு ரெண்டு? நான் கேக்கலை. மாப்பிள்ளை ஊட்டுல சோறு திங்கறப்ப கேக்கப்படாத கேள்வின்னு சிலது இருக்குது.

அந்தச் செவப்புப் பொட்டியில என்ற மனசுக்குப் புடிச்சது ரெண்டாவது ரிமோட்டுதான். மொத ரிமோட்டுல ஸ்டார்ட்டு பட்டன் இருக்குது, ரெண்டாவதுல இல்லை. அதுக்குப் பதிலா ஒரு மைக்கு வச்சிருக்கான். ஆட்டத்தை ஆரம்பிக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது, வேணும்னா பேசிக்கலாம். வயசான மனுசருக்குன்னே அளவெடுத்துச் செஞ்சிருக்கான் அந்த ஜப்பான்காரன்.

ஆனா கண்ணு, இந்தச் செவப்புப் பொட்டியை நீ எப்பப் பார்த்தே? சம்பாரிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தானே? உனக்குப் பத்து வயசு ஆறப்ப நம்ம ஊருல அது ஏது? நீ விளையாடினது எதுன்னு எனக்குத் தெரியும், ஏன்னா அது வந்த நாளே நான் டிவியில செய்தி பார்க்கறது போச்சு. உங்கம்மா, என்ற தங்கச்சி, ரெண்டு கெடாக்குட்டியை வித்த காசுல வாங்கிக் குடுத்த கருத்த பொட்டி. அசல் கம்பெனிக்காரனுக்கு அதுல ஒரு சல்லிக் காசு போயிருக்காது. அவன் செஞ்ச சாமானை அப்படியே பார்த்து எவனோ அடிச்ச நகலு. கூட ஒரு மஞ்சக் கேசட்டு. மேல என்ன எழுதியிருந்துது? ஒன்பது ஒன்பதா ஏழு தடவை போட்டு, அத்தனை ஆட்டம் ஒரே கேசட்டுலன்னு. கிட்டத்தட்ட ஒரு கோடி ஆட்டம்! ஒரு கோடிக்கு ஒண்ணு கொறச்சலு, அதுல மட்டும் பாரு நாணயம். போட்டுப் பார்த்தா இருக்கறது ஒரு கைப்புடி, அதுவே திரும்பத் திரும்ப வேற வேற பேருல வரும். தேர்தல் அறிக்கை படிச்சுப் பழகின எனக்கு அது ஒண்ணும் புதுசாப் படலை. நீதான் ஒரு கோடியையும் ஒண்ணொண்ணா அமுக்கிப் பார்த்துப்போடறதுன்னு ஒரு கோடை லீவு பூராம் உக்காந்தே.

அந்தக் கேசட்டு வேலை செய்யலைன்னா உருவி, அடியில இருக்கற பித்தளைப் பல்லுல வாயை வச்சு ஊதுவே. பேய் புடிச்சவனுக்குப் பூசாரி விபூதி ஊதறாப்பல, கண்ணை மூடிட்டு, ரெண்டு பக்கமும் சரிசமமா. உன்ற தம்பி ஊதினா ஓடாது, நீ ஊதினாத்தான் ஓடும்னு வேற ஒரு நம்பிக்கை. இப்ப நீயே சொல்றே, அது பூராம் பொய்யாமா. ஊதறதுல எச்சி ஈரம் பட்டு அந்தப் பல்லு களிம்பு புடிச்சுப் போகுமாமா, கம்பெனிக்காரனே ஊதாதீங்கன்னு சொல்லிப்போட்டானாமா. உருவித் திரும்ப ஒழுங்காச் சொருகறதுலதான் அது ஓடுதாமா. சரி, வெவரம் அப்படியே இருக்கட்டும். ஏசி ரூம்புல அந்த மஞ்சக் கேசட்டை எனக்குக் காட்டறப்ப, கையில எடுத்த ஒடனே ஒரு தரம் ஊதினயே, அது எந்த விஞ்ஞானம்?

டாங்கி ஆட்டம் நாபகம் இருக்குதா? நீ மஞ்ச டாங்கி, நான் பச்சை டாங்கி. அடியில நடுவால ஒரு கழுகு, சுத்தி செங்கல் செவுரு. அதை அழிய விடாம காப்பாத்தோணும். "மாமா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், கழுகுகிட்டயே நில்லுங்க"ன்னு என்னைக் காவலுக்கு வச்சுட்டு நீ மேல போய் சண்டை போடுவே. பண்ணையத்துல பத்தாளை வேலை வாங்கினவனை ஒரு பொடுசு பட்டிக்காவலுக்கு நிறுத்துது. நின்னேன். அதுல ஒரு விசேசம் என்னன்னா, உன்ற குண்டு என்ற மேல பட்டா நான் சாக மாட்டேன். கொஞ்ச நேரம் நகர முடியாம மினுக்கு மினுக்குன்னு நிப்பேன், அவ்வளவுதான். ஆனா கழுகு மேல யாரு குண்டு பட்டாலும் ஆட்டம் குளோசு, நம்ம குண்டா இருந்தாலும். எதிரி அழிச்சதைவிட நீ அவசரத்துல சுட்டு அழிச்சதுதான் எச்சு. அழிச்சுப் போட்டு, "நீங்கதான் குறுக்க வந்தீங்க"ம்பே. ஊட்டுக் காரியத்துலயும் இன்னைக்கு வரைக்கும் அதே கணக்குலதான் நீ போயிட்டிருக்கறதா அம்முணி சொல்லுச்சு.

நீங்க எல்லாம் தூங்கினதுக்கு அப்புறம் ராத்திரி சத்தத்தைக் கொறச்சு வச்சுட்டு நான் தனியா ஆடினது உங்கத்தைக்கு மட்டும்தான் தெரியும். அவளும் இப்ப இல்லை. அதனால சாட்சி கெடையாது.

அப்புறம் ரெண்டு பேரும் துப்பாக்கியோட ஆடற அந்தக் கான்ட்ரா. மூணு உசுருலதான் ஆரம்பிக்கும், அது மொத பாலத்தைத் தாண்டறதுக்குள்ளயே தீந்துபோகும். நீ மேல மேல கீழ கீழன்னு ஒரு மந்திரம் அமுக்கி முப்பது உசுரு வாங்கிக்குவே. அந்த மந்திரம் எப்படி வந்துதுன்னு நீதான் கதை சொன்னே. கொனாமி கம்பெனியில கசுஹிசா ஹஷிமோட்டோன்னு ஒருத்தர், 1986-ல கிரேடியஸ்னு ஒரு ஆட்டத்தை ஊட்டுப் பொட்டிக்கு மாத்திக் குடுத்தாராமா. சரியா ஓடுதான்னு அவரே ஆடிப் பார்க்கோணும், ஆனா அவராலயே ஆடி முடிக்க முடியலை. சரின்னு தனக்குன்னு ஒரு குறுக்கு வழி வச்சு, அதை எடுக்க மறந்துட்டாராமா. அதைப் புடிச்சு உலகம் பூராம் பொடுசுங்க தப்பிச்சுதுங்க. அந்த மனுசன் 2020-ல போய்ச் சேர்ந்துட்டாரு. அவருக்கு இருந்தது ஒரு உசுருதான். உன்ற ஆதார் நம்பரைக் கேட்டா போனைத் தேடறே, அவரு மறந்துட்டு வச்ச மந்திரத்தைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்றே. அந்தாளு கும்புடத் தக்கவருதான்.

இப்ப காசு விசயத்துக்கு வாரேன். "மாமா, இது வெறும் விளையாட்டு இல்லை, முதலீடு"ன்னே. அப்படிச் சொன்னாத்தான் அம்முணி வாய் தொறக்காதுன்னு கண்டுபுடிச்சு வச்சிருக்கே. கெட்டிக்காரன்தான். 2021 ஜூலையில அமெரிக்காவுல ஒரு ஏலத்துல, 1996-ல வந்த சூப்பர் மேரியோ 64 கேசட்டு ஒண்ணு 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போச்சுன்னு காட்டினே. நம்ம காசுல 11 கோடிக்கு மேல. நானும் வாயைப் பொளந்துதான் பார்த்தேன். எதுக்கு அவ்வளவு வெலைன்னு கேட்டேன். பொட்டி பிரிக்காம, கடையில இருந்தாப்பலயே, மேல சுத்தின காயிதம்கூடக் கிழியாம இருக்குதுன்னே.

இங்கதான் கண்ணு எனக்கு ஒரு தெளிவு வந்துது. எவனும் ஆடாத கேசட்டுக்கு 11 கோடி. அதை வாங்கினவனும் பிரிக்க மாட்டான், பிரிச்சா வெலை போயிரும். உள்ள கேசட்டு இருக்குதா, மொட்டுப்பூச்சி இருக்குதான்னு அவனுக்கே கண்ணுல பார்க்கக் குடுத்து வைக்கலை. அக்கட்டால உன்ற மஞ்சக் கேசட்டு. மேல ஒட்டின படம் பாதி உரிஞ்சு போச்சு, பின்னால உன்ற தம்பி காம்பஸ் முள்ளுல அவன் பேரைக் கீறியிருக்கான், ஒரு ஓரத்துல பல்லுப் பட்ட தடம். இதை ஏலத்துல வச்சா 11 ரூவாக்குக் கேப்பானா? கேக்க மாட்டான். ஆடாம இருந்தா ஊரு வெலை ஏறுது, ஆடித் தேய்ச்சா ஊரு வெலை எறங்குது. ஊரு குடுக்க மாட்டேங்குற அந்த மிச்ச வெலை இருக்குது பாரு, அதுக்குத்தான் நீ பாசம்னு பேரு வச்சிருக்கே. அது வெக்கப்படற காரியம் இல்லை. ஆனா பாசத்தையும் முதலீட்டையும் ஒரே அலமாரியில அடுக்கி வச்சுட்டு, ஒண்ணைக் கேட்டா இன்னொண்ணைக் காட்டறே பாரு, அதுதான் உன்ற திருட்டுத்தனம்.

குப்பையில போட்டதுக்கும் வெலை வருதுன்னு ஒரு கதை சொன்னே, அதையும் மறக்கலை. அட்டாரி கம்பெனிக்காரன் ஈ.டி.ன்னு ஒரு ஆட்டம் செஞ்சு, செஞ்ச அளவுக்கு வாங்க ஆளில்லாம, 1983-ல அமெரிக்காவுல அலமோகோர்டோங்கற ஊருல குப்பைக்குழியில லாரி லாரியாக் கொட்டி மேல சிமிட்டியும் ஊத்திப்போட்டான். 2014-ல போய்த் தோண்டி 1,300 கேசட்டு மாதிரி எடுத்து, நெறைய ஏலம் போட்டு, ஒண்ணை ஸ்மித்சோனியன் மியூசியத்துல வச்சுட்டாங்க. சரி கண்ணு. ஆனா அதைக் காரணமா வச்சுட்டு நீ எதையும் தூக்கி எறியாம இருந்தீன்னா, தோண்டறவன் நேரா உன்ற ஊட்டுக்குத்தான் வரோணும்.

உன்ற கட்சியில ஒரு நாயம் இருக்குது, அதை மறைக்க மாட்டேன். வீடியோ கேம் சரித்திரத்தைக் காப்பாத்தறதுக்குன்னே அமெரிக்காவுல ஒரு அமைப்பு இருக்குதாமா. அவங்க 2023-ல கணக்கெடுத்தப்ப, அந்த நாட்டுல வந்த பழைய ஆட்டத்துல நூத்துக்கு 87 கடையில காசு குடுத்தாலும் கெடைக்காதுன்னு தெரிஞ்சுதாமா. அப்ப அலமாரியில வச்சிருக்கறவன் இல்லைன்னா அத்தோட போச்சு. நாயந்தான். ஆனா உன்ற அலமாரியில இருக்கறது பாதிக்கு மேல ஊரு உலகம் பூராம் கோடிக்கணக்குல வித்த மேரியோவாச்சே! அது அழிஞ்சா நான் மீசை எடுத்துக்கறேன்.

இத்தனை கேலி பண்றவன், ஒரு விசயத்துல மட்டும் வாயை மூடிட்டேன். நாபகம் இருக்குதா, உள்ளங்கை அளவு கேசட்டு ஒண்ணு காட்டினயே, 1999-ல ஜப்பான்ல வந்த தங்கக் கலரு போக்கிமான். செகண்ட் ஹேண்டுல வாங்கினது. போட்டா உள்ள எவனோ ஒரு ஜப்பான் பையன் பேரு இருந்துது, அவன் புடிச்சு வளர்த்த சீவனெல்லாம் அப்படியே வரிசையா நின்னுது. அதுல ஒருத்தன் ஆட்டத்தைத்தான் சேத்து வைக்க முடியும். நீ புதுசா ஆடி சேவ் பண்ணினா அவன் போயிருவான். அதனால நீ ஆடலை. உள்ள இருக்கற காசு அளவு பேட்டரி சாகற வரைக்கும்தான் அவனும் இருப்பான், அந்தக் கேசட்டுல கெடிகாரம் வேற ஓடறதால பேட்டரி சீக்கிரம் தீந்துரும்னே. பேட்டரியைக் கழட்டினா எல்லாம் அழிஞ்சுரும்னு அதைத் தொடவும் மாட்டேங்குறே. முகம் தெரியாத ஒரு பையன் வளர்த்த சீவனுக்கு நீ காவல் நிக்கறே. அன்னைக்கு ராத்திரி சோத்துல உக்காந்தப்ப உன்ற எலையில ஒரு கரண்டி நெய்யை எச்சா ஊத்தச் சொன்னேன், எதுக்குன்னு நீ கேக்கலை.

இதெல்லாம் வச்சுப் பார்த்து என்ற தீர்ப்பு இதுதான், கோவிச்சுக்காதே. அந்த ரூம்புல உன்ற பாசத்துக்குரியது அந்த மஞ்சக் கேசட்டு, கருத்த பொட்டி, அப்புறம் அந்த ஜப்பான் பையனோட தங்கக் கேசட்டு. அவ்வளவுதான். மீதி பூராம் வீம்பு. சின்னதுல கெடைக்கலைன்னு பெரிசுல வாங்கின வீம்பு, அவன்கிட்ட இருக்குது எனக்கில்லையான்னு வாங்கின வீம்பு, கஸ்டம்ஸ்காரன் வரி போட்டுட்டானே, இனி வாங்காம விட்டா மானம் போயிருமேன்னு வாங்கின வீம்பு. வீம்பும் நல்லதுதான், நானும் அப்படித்தான் ஒரு ரேக்ளா வண்டி வாங்கினேன். ஆனா வீம்புக்கு ஏசி தேவையில்லை. அந்த வீம்புச் சாமான்ல பாதியை வித்து, அந்த ரூம்புல அம்முணிக்கு ஒரு தையல் மிசினு போட்டுக் குடு. நீ முதலீடுன்னு சொன்னதை அது நெசம்னு நம்பட்டும்.

உன்ற பையனை மட்டும் இழுத்து வச்சு ஆட வைக்காதே. "எங்க காலத்துல"ன்னு நீ ஆரம்பிச்சா அவன் முகம் எப்படிப் போகுதுன்னு நான் பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கமான முகம், நான் கவலை எறைச்ச கதை சொன்னா உன்ற முகம் அப்படித்தான் போகும். மொத சூப்பர் மேரியோவைப் பார்த்துட்டு, "இதுக்கு அப்டேட் எப்பப்பா வரும்"னு கேட்டானாமே. நல்ல கேள்வி. அந்த ஆட்டம் மொத்தமே 40 கேபின்னு நீதான் சொன்னே. நீ தெனம் விடியறதுக்குள்ள எனக்கு வாட்சப்புல அனுப்பற குட்மார்னிங் ரோசாப்பூ அதைவிடக் கனம். அந்த எடத்துக்குள்ள மேகத்துக்கும் செடிக்கும் ஒரே படத்தை வச்சு, கலரை மட்டும் மாத்தி ஒப்பேத்தியிருக்கான் ஜப்பான்காரன். அதைச் சொல்லு பையனுக்கு. உன்ற சின்ன வயசைச் சொல்லாதே.

கடைசியா அந்த வாத்து சுடற துப்பாக்கி. புது ஊட்டுல செவுரு அகலத்துக்கு டிவி மாட்டிட்டு, அதுல வாத்து சாக மாட்டேங்குதுன்னு அழுதுட்டிருந்தயாமா. நாய் வேற பல்லைக் காட்டிச் சிரிக்குதாமா. எனக்கு நீ வெளக்கினதை நீயே மறந்துட்டயா கண்ணு? துப்பாக்கியில இருந்து ஒண்ணும் போறதில்லை. நீ குதிரையை அமுக்கின ஒடனே டிவி ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த எடத்துல ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சம் துப்பாக்கியோட கண்ணுல பட்டா வாத்து செத்துதுன்னு கணக்கு. சுடறது டிவி, சுடப்படறது துப்பாக்கி. பழைய படக்குழாய் டிவியில அந்த வெளிச்சம் அந்த நொடியே வரும், தட்டை டிவியில சித்த தாமசமா வரும். துப்பாக்கிக்குப் பொறுமை கெடையாது. அதனால படக்குழாய் டிவி இல்லாம வாத்து சாகாது. அதைப் பழைய சாமான்காரனுக்குத் தாட்டி விட்டுட்டு இப்பத் தேடறே, கோயமுத்தூர் பூராம் கெடைக்கலைங்கறே.

2006-க்கு அப்புறம் கவர்மெண்டு ஊடு ஊடா இலவச கலர் டிவி குடுத்துது பாரு, 14 இஞ்சு, பின்னால புட்டம் பெருத்தது. தமிழ்நாட்டுல கோடி ஊட்டுக்கு மேல போச்சு. நம்ம ஊட்டு டிவி அட்டாலியில சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கேன், போன வாரம்தான் எறக்கித் தொடச்சுப் போட்டுப் பார்த்தேன், படம் பளிச்சுன்னு வருது. விக்கற எண்ணம் கெடையாது. கோயமுத்தூருக்கும் அனுப்ப மாட்டேன், ரோட்டுல ஆடி ஒடஞ்சுபோகும். வேணும்னா மாட்டுப் பொங்கலுக்கு வாரப்ப கருத்த பொட்டி, மஞ்சக் கேசட்டு, துப்பாக்கி, ரிமோட்டு ரெண்டு, எல்லாத்தையும் கட்டி எடுத்துட்டு வா. அடாப்டரை மறந்துராதே, அது இங்க கெடைக்காது. கழுகுகிட்ட இந்தத் தடவை நீ நில்லு.